கையை இழுக்காதே

எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பாண்டிக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். வெளியூர் நண்பர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்துட்டு பென்ஷன் வாங்குற நம்மூர்க்காரங்களை இங்க "சொல்தா"ன்னுதான் சொல்வோம். சிப்பாய்க்கு பிரெஞ்சுல அதான் பேரு. வருஷம் பூரா வேட்டியும் ரப்பர் செருப்பும்தான். பென்ஷன் வாங்கப் போற அன்னிக்கு மட்டும் பாலிஷ் போட்ட ஷூ.

அவரோட வலதுகை ஆள்காட்டி விரல்ல ரெண்டு புள்ளி மாதிரி தழும்பு இருக்கும். சைகோன் சண்டையில குண்டு பட்டதுன்னு தெருப் பசங்க நாங்க எல்லாரும் நம்பிட்டிருந்தோம். ஒருநாள் தைரியமா கேட்டுட்டேன். எட்டாவது படிச்சிட்டிருந்தேன்னு நினைக்கிறேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "குண்டா? ஃபுரே கடிச்சதுடா, மோன் பெத்தி!"

ஃபுரேன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. "கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், கீரி இல்லை. கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போய் முயல் பிடிப்பான் வெள்ளைக்காரன்"னார். பாக்கெட்டுல மிருகத்தைப் போட்டுக்கிட்டு வேட்டைக்குப் போறானா! தாத்தா விடுற கதைன்னுதான் அன்னிக்கு நினைச்சேன். ரொம்ப வருஷம் கழிச்சு தேடிப் படிச்சப்பதான் அவர் ஒரு வார்த்தை கூட கூட்டிச் சொல்லலைன்னு தெரிஞ்சது. இந்தப் பதிவு அவருக்கும், அதே மாதிரி விரல்ல தழும்பு இருந்த இன்னொருத்தருக்கும்.

முதல்ல இந்தப் பிராணி. இங்கிலீஷ்ல ஃபெரட். ஐரோப்பாவில இருக்கிற போல்கேட்டுங்கிற காட்டு விலங்கைப் பிடிச்சுப் பழக்கி வளர்த்தது. ஒண்ணு ஒண்ணரை கிலோ தேறும். நீள உடம்பு, குட்டைக் கால், கூர்மையான பல்லு. கண்பார்வை சுமார்தான், எல்லாமே மூக்கு. தலை நுழையிற பொந்துல உடம்பு முழுக்க நுழைஞ்சிடும். பழைய லத்தீன்ல அதுக்கு வச்ச பேருக்கு "குட்டித் திருடன்"னு அர்த்தம். ஒரு வீட்டுல மூலை முடுக்கெல்லாம் துருவித் தேடுறதுக்கு பிரெஞ்சுல "ஃபுரத்தே"ன்னு ஒரு வினைச்சொல் உண்டு. அதுவும் இது பேர்ல வந்ததுதான்.

வேட்டை நடக்கிற விதம் இப்படி. ஐரோப்பாவோட காட்டுமுயல் கூட்டம் கூட்டமா மண்ணுக்கடியில வளை தோண்டி வாழும். ஒரு வளைக்கு பத்து இருபது வாசல் கூட இருக்கும். சத்தம் போடாம போய் ஒவ்வொரு வாசல்லயும் சுருக்குப் பை மாதிரி ஒரு வலையை விரிச்சு வைக்கணும். (வளைக்கு வலை. லகரப் பிழை விடுற நண்பர்கள் இந்த இடத்துல கவனம் :-) ) அப்புறம் ஒரு வாசல் வழியா ஃபெரட்டை உள்ள விடணும். அதோட வாடை பட்டதும் முயலுங்க தலைதெறிக்க வெளிய ஓடிவந்து வலையில விழும். துப்பாக்கி வேண்டாம், குதிரை வேண்டாம். ஒரு மரப்பெட்டி, நாலைஞ்சு வலை, ஒரு ஆள் போதும்.

சிக்கல் எல்லாம் அந்த ஃபெரட்டைத் திரும்பக் கையில எடுக்கிறப்பதான். முயல் ரத்தமும் வாடையும் தலைக்கேறின நிலையில அது வளைக்கு வெளிய மூக்கை நீட்டும். குளிர்ல கை விறைச்சுப் போன ஆளு, சீக்கிரம் அடுத்த வளைக்குப் போகணுங்கிற அவசரத்துல லபக்குன்னு பாய்ஞ்சு பிடிப்பான். மங்கலான கண்ணுக்கு முன்னாடி திடீர்னு ஒரு சதைத்துண்டு, அதுவும் இப்பதான் வலையில இருந்து முயலை எடுத்த கை. அதுக்கு முயல் எது கை எதுன்னு எப்படித் தெரியும்? கவ்விடும்.

சொல்தா தாத்தாவுக்கு நடந்தது அதேதான். சைகோன்ல இருந்து திரும்பி நார்மண்டிப் பக்கம் ஒரு முகாம்ல இருந்திருக்கார். பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். 1951 குளிர்காலம். ஃபுரே தலையை நீட்டினதும் நம்ம ஆளு வீரமா கையை விட்டார். அது ஆள்காட்டி விரலைக் கவ்விச்சு. தாத்தா கத்திக்கிட்டே கையை உதறினார். உதற உதற பிடி இறுகுது. விவசாயி ஓடிவந்து தாத்தாவோட மணிக்கட்டைப் பிடிச்சு அப்படியே தரையோட தரையா அழுத்தினாராம். நாலு காலும் மண்ணுல பட்டதும் அது வாயைத் திறந்து விட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி போய்ப் புல்லை மோந்து பார்த்துதாம்.

"கையை இழுக்காதே. இழுத்தா அது உன்னை ஓடுற முயல்னு நினைச்சுக்கும்." விவசாயி சொன்னது இவ்வளவுதான். இதை தாத்தா பிரெஞ்சுல ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை சொல்லிக் காட்டினார்.

ஃபெரட் வளர்க்கிறவங்க எழுதினதை அப்புறமா நிறைய படிச்சேன். எல்லாரும் சுத்திச் சுத்தி இதையேதான் சொல்றாங்க. குட்டியா இருக்கிறப்ப இருந்தே தினம் கையில எடுத்துப் பழக்கணும். விரலால சாப்பாடு ஊட்டக்கூடாது, ஊட்டினா விரலும் சாப்பாடும் ஒண்ணாயிடும். பட்டினி போட்டும் கூட்டிட்டுப் போகக்கூடாது, வயிறு முட்டக் கொடுத்தும் கூட்டிட்டுப் போகக்கூடாது. வெளிய வரும்போது முழுசா வெளிய வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணும். அப்புறம் நிதானமா, தோள்பட்டையைச் சுத்தி, கட்டைவிரல் தாடைக்குக் கீழ வர்ற மாதிரி தூக்கணும். வாசல்லயே பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிக்கிற ஆளோட ஃபெரட் நாளடைவுல வெளியவே வராதாம். தலையை நீட்டும், கையைப் பார்த்ததும் உள்ள போயிடும். மணிக்கணக்குல கண்ணாமூச்சி. அந்தக் கெட்ட பழக்கம் பிராணியோடது இல்லை, பிடிக்கிறவன் கத்துக் கொடுத்தது.

ஆனா சரித்திரம் முழுக்க மனுஷன் பொறுமையையா தேடினான்? இல்லை, குறுக்கு வழியைத்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஸ்ட்ரேபோங்கிற கிரேக்கர் ஸ்பெயினைப் பத்தி எழுதியிருக்கார். அங்க முயல் தொல்லை தாங்க முடியலையாம். வேரைக் கடிச்சு மரத்தைச் சாய்க்குது, வீட்டுக்கு அடியில தோண்டி வீட்டைச் சாய்க்குது. பக்கத்துத் தீவுக்காரங்க ரோமுக்குத் தூது அனுப்பி, எங்களுக்கு வேற இடம் கொடுங்கன்னு கேட்டாங்களாம். அகஸ்டஸ் சக்கரவர்த்திகிட்ட ராணுவ உதவியே கேட்டாங்கன்னு பின்னாடி வந்த பிளினி எழுதறார். முயலை விரட்ட பட்டாளம்! இந்தத் தொல்லைக்கு மருந்தா, லிபியாவில இருந்து வந்த ஒரு பிராணியை வளைக்குள்ள அனுப்புறதை ஸ்ட்ரேபோ விவரிக்கிறார். நம்ம ஃபெரட்டேதான்னு பலர் நினைக்கிறாங்க. அதுல ஒரு சின்ன விவரம் இருக்கு. உள்ள விடறதுக்கு முன்னாடி வாயைக் கட்டிடுவாங்களாம்.

பாருங்க, இந்த வேட்டையைப் பத்தி எழுதின ஆரம்பகாலக் குறிப்புலயே வாய்க்கட்டு வந்துடுச்சு. பதினாலாம் நூற்றாண்டுக் கடைசியில ஃபுவா நாட்டுப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் பிரெஞ்சுல ஒரு பெரிய வேட்டை நூல் எழுதினார். 1387ல ஆரம்பிச்சது. அதோட படம் போட்ட பிரதி ஒண்ணு பாரிஸ் தேசிய நூலகத்துல இருக்கு. தங்கமும் நீலமுமா ஜொலிக்கிற ஓவியம். அதுலயும் ஃபுரே, வலை, வாய்க்கட்டு.

வாயைக் கட்ட நியாயமான காரணமும் உண்டு. கட்டாம விட்டா உள்ளயே முயலைக் கொன்னு, தின்னு, அங்கயே படுத்துத் தூங்கிடும். மேல ஆளு சாயங்காலம் வரைக்கும் குத்த வச்சு உட்கார்ந்திருக்கணும், இல்லைன்னா மண்வெட்டி எடுக்கணும். (இப்ப கழுத்துல ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் கட்டி விடறாங்க. எங்க படுத்திருக்கு, எத்தனை அடி ஆழம்னு மேல இருந்தே கண்டுபிடிச்சிடலாம். அதுக்கு முந்தி ஒரு சலங்கை.) ஆனா தோல் வாய்ப்பூட்டோட நிக்கலை. ரெண்டு உதட்டையும் ஊசி நூலால தைச்சிருக்காங்க. உதட்டுல ஓட்டை போட்டு வளையம் மாட்டியிருக்காங்க. கோரைப்பல்லை ஒடிச்சிருக்காங்க. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கலை. பாம்பாட்டிங்க சிலர் நாகத்துக்குப் பல்லைப் பிடுங்கி வாயைத் தைக்கிறதை நம்ம ஊர்லயும் பார்த்திருக்கோமே. பயந்த கைக்கு எல்லா ஊர்லயும் ஒரே புத்திதான் போல.

ஃபெரட்டைச் சட்டமும் விட்டு வைக்கலை. 1390ல இங்கிலாந்துல ரெண்டாம் ரிச்சர்ட் காலத்துச் சட்டம் ஒண்ணு: வருஷத்துக்கு 40 ஷில்லிங் பெறுமான நிலம் இல்லாதவன் வேட்டை நாயும் வச்சிருக்கக் கூடாது, ஃபெரட்டும் வச்சிருக்கக் கூடாது, வலையும் கூடாது. ஏன்னா இது பாக்கெட்டுல அடங்குற வேட்டை, ஏழை ராத்திரியோட ராத்திரியா போய் பிரபுவோட முயலைத் தூக்கிட்டு வந்துடலாம். பிரான்ஸ்லயும் அதே கதைதான். பிரபுவோட முயல் குடியானவன் பயிரைத் தின்னும், குடியானவன் அதைத் தொடக்கூடாது. 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி பிரபுக்களோட சலுகைகளை ஒவ்வொண்ணா ரத்து பண்ணாங்க இல்லையா, அந்தப் பட்டியல்ல வேட்டை உரிமையும் முயல் வளர்ப்புக் காட்டு உரிமையும் உண்டு. புரட்சின்னா பஸ்தீல் கோட்டை மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன். முயலும் இருந்திருக்கு.

தாத்தா கதையோட மிச்சம் சோகம். 1952 ஜூன்ல அர்மான்-தெலீல்ங்கிற ஒரு ஓய்வுபெற்ற டாக்டர், மயிபுவாங்கிற ஊர்ல இருந்த தன் எஸ்டேட்டுல முயல் தொல்லைன்னு ரெண்டே ரெண்டு முயலுக்கு மிக்ஸோமடோசிஸ் வைரஸை ஊசியில ஏத்தி விட்டார். சுத்திச் சுவர் இருக்கு, வெளிய போகாதுன்னு நம்பிக்கை. ரெண்டு மூணு வருஷத்துல பிரான்ஸோட காட்டுமுயல்ல பத்துக்கு ஒன்பது செத்துப் போச்சு. வியாதி இங்கிலாந்து வரைக்கும் தாண்டிச்சு. டாக்டருக்குக் கோர்ட்டுல 5,000 பிராங்க் அபராதம். அடுத்த வருஷமே ஒரு பதக்கமும் கொடுத்தாங்க. வேட்டைக்காரங்களுக்கு அவர் வில்லன், காட்டு இலாகாவுக்கும் விவசாயிக்கும் ஹீரோ!

தாத்தா 1953ல மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போனப்ப, பாதையோரம் கண்ணு வீங்கி, எங்க போறதுன்னு தெரியாம முயலுங்க உட்கார்ந்திருந்ததாம். பக்கத்துல போனாக்கூட ஓடலையாம். விவசாயியோட ஃபுரே பெட்டியில சும்மா படுத்திருந்தது. "வேலை போன சொல்தா மாதிரி"ன்னார் தாத்தா. அடுத்த வருஷம், 1954 நவம்பர் 1, பாண்டியிலயும் பிரெஞ்சுக் கொடி இறங்கிடுச்சு. அவர் அதையும் இதையும் சேர்த்துத்தான் எப்பவும் சொல்வார்.

சரி, நம்ம ஊர்ல ஏன் இந்தப் பிராணி இல்லை? காரணம் ரொம்ப எளிசு. நம்ம முயல் வளை தோண்டாது. அது வேற ஜாதி. புதர் ஓரம், புல்லு மறைவுல ஒரு சின்னப் பள்ளத்துல படுத்திருக்கும், ஆளைக் கண்டா ஓட்டம்தான். ஓடுறதைப் பிடிக்க ஓடுற நாய் வேணும். அதனாலதான் தெக்கத்தில சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி நாய்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அதுவும் குற்றம். (நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு சொல்றவங்க வனத்துறைகிட்டயும் ஒரு கால் கணக்கு சொல்லணும்.)

நம்ம ஊர்ல பொந்துக்குள்ள இருக்கிற வேட்டைன்னா எலிதான். அறுப்பு முடிஞ்ச வயல்ல எலி வெட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? எங்க அம்மா ஊர் பாகூர் பக்கம். ஏரிப்பாசனம், நெல்லுன்னா நெல்லு. அங்க லீவுக்குப் போறப்ப பார்ப்பேன். வில்லியருங்க குடும்பத்தோட வருவாங்க. இருளர்னு புஸ்தகத்துல இருக்கிறவங்களை எங்க பக்கம் வில்லியர்னுதான் சொல்வோம். வரப்புல இருக்கிற எல்லாப் பொந்தையும் மண்ணை வச்சு அடைப்பாங்க. ஒண்ணை மட்டும் விட்டு, ஓட்டைப் பானையில வைக்கோல் போட்டு நெருப்பு வச்சு, பானையோட வாயைப் பொந்துல பொருத்தி, பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டையில வாயை வச்சு ஊதுவாங்க. ஊதுறது பெரும்பாலும் பொம்பளைங்க. புகை உள்ள போகும். அப்புறம் மண்ணைக் கொத்தி, கையை உள்ள விட்டு எலியை எடுப்பாங்க. எலி சேர்த்து வச்சிருக்கிற நெல்லுக் கதிரும் சேர்ந்து வரும். எலியும் அவங்களுக்கு, நெல்லும் அவங்களுக்கு. நிலத்துக்காரனுக்கு எலி ஒழிஞ்சா சரி.

வெள்ளைக்காரன் உள்ள ஃபெரட்டை அனுப்புறான். இங்க உள்ள போறது மனுஷன் கை. அந்தப் பொந்துல எலிதான் இருக்கும்னு யார் சொன்னது, எலியைத் தேடி நல்லதும் போயிருக்கும்.

அந்தக் கூட்டத்துல ஒரு பெரியவர். எங்க தாத்தாவை விட வயசானவர். அவரை நாங்க சின்னப் பசங்க எல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை "சின்னய்யா"ன்னு கூப்பிடுவார். அது தப்புன்னு அன்னிக்கு எங்க வீட்டுல யாருக்கும் தோணலை, எனக்கும் தோணலை. ஒருநாள் நானும் பிடிக்கிறேன்னு அடம் பிடிச்சுக் கொத்தின பொந்துல கையை விட்டேன். புகையில மயங்கிக் கிடக்கும்னு நினைச்ச எலி முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தது. நறுக். நான் அலறி இழுக்கப் போறேன், அவர் என் முழங்கையைப் பிடிச்சு அப்படியே மண்ணோட அழுத்தினார்.

"கையை இழுக்காதீங்க சின்னய்யா. இழுத்தா கிழிச்சுடும். சும்மா இருங்க, அதுவா விடும்."

விட்டுச்சு. ரத்தத்தைத் தொடைச்சு விட்டுட்டு அவர் தன் கையைக் காட்டினார். அஞ்சு விரல்லயும் தழும்பு. ஆள்காட்டி விரல்ல ரெண்டு புள்ளி. பாண்டிக்குத் திரும்பினதும் முதல் வேலையா சொல்தா தாத்தாகிட்ட போய் என் விரலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த ஆளு பிரான்ஸுக்குப் போயிருக்கானா?"ன்னு கேட்டார். :-)

அந்த மக்கள் கையோட வித்தைக்கு ஊர் உலகம் மரியாதை கொடுத்ததும் உண்டு. பாம்புத் தோல் வியாபாரம் தடையானப்ப பொழப்பு போய் நின்ன செங்கல்பட்டுப் பக்கத்து இருளருங்களை வச்சு ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் 1978ல ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. மாமல்லபுரம் ரோட்டுல வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள இருக்கு. பாம்பைப் பிடிச்சு மண்பானையில வச்சு, மூணு நாலு வாரம் விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் வச்சுத் திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. பல்லைப் பிடுங்குறது கிடையாது, வாயைத் தைக்கிறது கிடையாது. நாட்டுல பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படுற விஷத்துல பெரும்பங்கு இவங்க கை வழியா வந்ததுதான். அந்த சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல ஃபுளோரிடாவுக்குப் போய், நவீன கருவி எதுவும் இல்லாம, முதல் ரெண்டு வாரத்துக்குள்ளயே 13 மலைப்பாம்பு பிடிச்சுக் காட்டினாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

புகை ஊதுற பொம்பளைங்களுக்குப் பத்மஸ்ரீ எதுவும் வரலை. சூடான பானையில வாயை வச்சு உதடு வெந்து, நெஞ்சு முழுக்கப் புகை. கையால சுத்துற இரும்புப் புகைக்கருவி ஒண்ணை அவங்களுக்குக் கொடுக்கிற திட்டத்துக்கு 2003ல உலக வங்கிப் போட்டியில பரிசு கிடைச்சது. பாகூர்ப் பக்கம் நான் பார்த்தது எல்லாம் பானைதான்.

எனக்கு இதுல ஆறாத விஷயம் வேற. விழுப்புரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருளர் பழங்குடி. அவருக்குப் பெண் கொடுத்த, பாகூர்ல இருக்கிற மாமனார் பழங்குடி இல்லை! ஏன்னா புதுச்சேரிக்குன்னு பழங்குடிப் பட்டியலே கிடையாது. 2016 டிசம்பர்லதான் ஜனாதிபதி ஆணை வந்தது. அதுல இருக்கிறது ஒரே ஒரு பதிவு: இருளர், வில்லி, வேட்டைக்காரன் உட்பட. 1972ல வேட்டையை எடுத்துட்டாங்க. "வேட்டைக்காரன்"ங்கிற பேரை மட்டும் காகிதத்துல ஏத்த இன்னும் 44 வருஷம் ஆகியிருக்கு. 1390 சட்டத்துல இல்லாதவன்கிட்ட இருந்து ஃபெரட்டைப் பிடுங்கினாங்கன்னு படிச்சு உச்சுக் கொட்டினவன் நான். எங்க அம்மா ஊர்ல நடந்தது எனக்கே பேப்பர்ல பார்த்துத்தான் தெரிஞ்சது.

சொல்தா தாத்தா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. வில்லியப் பெரியவரும் இல்லை. போன தை மாசம் பாகூர் போயிருந்தப்ப டீக்கடையில அவர் பேரனைப் பார்த்தேன். என் வயசுதான். அவன் சின்ன வயசுல என் கூடவே அந்த வரப்புல நின்னவன். "வாங்க சின்னய்யா"ன்னான். பேர் சொல்லிக் கூப்பிடுப்பான்னு சொன்னேன். சிரிச்சான், கூப்பிடலை. சர்டிபிகேட் எல்லாம் கிடைச்சுதான்னு கேட்டேன். பெரிய பையனுக்கு ஆச்சு, சின்னப் பொண்ணுக்கு இன்னும் அலையறோம்னான்.

எலி வெட்டப் போறதுண்டான்னு கேட்டேன். "எங்க சின்னய்யா, பாதி வயல் பிளாட் ஆயிடுச்சு. மீதில மருந்து வச்சுடறாங்க"ன்னான். டீ கிளாஸை வாங்கினப்ப அவன் விரலைப் பார்த்தேன். அவன் என் விரலைப் பார்த்தான்.